வால்வு செட்டு மாமா

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்களில் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் இருக்கிறது. வெளியே மைக்செட்டு மாமா, மைக்செட்டு சித்தப்பா, மைக்செட்டண்ணே. கடைப் பலகையில் குலதெய்வத்தின் பெயரோ மகளின் பெயரோ எழுதி, பக்கத்தில் 'சவுண்டு சர்வீஸ்' என்று போட்டிருக்கும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி, கட்சிக் கூட்டம் என்று எது வந்தாலும் ஐயரிடம் நாள் கேட்ட கையோடு இவரிடம் வந்து கேட்பார்கள். அந்தத் தேதி இவருக்கு ஒத்துவராவிட்டால் ஐயரிடம் மறுபடி போவதும் உண்டு.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப்பையில் டெஸ்டர், காதில் பென்சில், கையில் இன்சுலேஷன் டேப். டேப்பைப் பல்லால்தான் அறுப்பார். எதிரே நின்று பேசினால் "ஆங்?" என்பார். ஆனால் ஊர்க் கடைசிப் புளியமரத்தில் தொங்கும் குழாய் லேசாகப் பிசிறினால் போதும், இலையில் கை வைத்தவர் அப்படியே எழுந்து "யூனிட்டு போவுது" என்று ஓடுவார். மனைவி மூன்று முறை கூப்பிட்டுக் கேட்காத காது அது.

கடையில் இப்போது எல்லாம் வந்துவிட்டது. ஆள் உயரப் பாக்ஸ், சுற்றும் லைட்டு, புகை விடும் மிஷின். அதையெல்லாம் மகன் பார்த்துக்கொள்வான். மாமாவின் சொத்து உள் அறையில் பழைய வேட்டி போர்த்தி இருக்கிறது. தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் இரும்புப் பெட்டி, வால்வு ஆம்ப்ளிஃபையர். பெயிண்ட் உதிர்ந்து கம்பெனி பெயர் போய்விட்டது. 1940-ல் தொடங்கிய டெல்லி அகுஜாவா, திருச்சியில் யாரோ மெக்கானிக் கையால் கட்டியதா என்று கேட்டால் நேர்ப் பதில் வராது. "ஒரிஜினல்" என்பார். எதனுடைய ஒரிஜினல் என்று கேட்பவரோடு அப்புறம் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தப் பெட்டி எல்லா வீட்டுக்கும் போகாது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் காப்புக்கட்டு, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், அவ்வளவுதான். கூடப் பணம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முகம் சிறுத்துவிடும். "இது வாடகைக்கு இல்லீங்க. சத்தம் வேணும்னா பையங்கிட்ட டி.ஜே. செட்டு இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க."

ஆடி வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம் போய்ப் பாருங்கள். கோயில் வேப்பமரத்தில் இரண்டு குழாய், தண்ணீர்த் தொட்டி மேல் இரண்டு, ஊர் எல்லையில் மூங்கில் நட்டு ஒன்று. ஒயர் இழுத்து முடித்ததும் மாமா வேட்டியை விலக்கிச் சுவிட்சைப் போடுவார். சத்தம் வராது. சுற்றி நிற்கும் பொடியன்கள் "ரிப்பேரு, ரிப்பேரு" என்று குதிப்பார்கள். மாமா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வால்வுக்குள் இருக்கிற இழை சூடேற வேண்டும், சூடேறினால்தான் எலெக்ட்ரான் கிளம்பும். அதற்கு அரை நிமிடம் போல ஆகும். கண்ணாடிக் குடுவைகள் ஒவ்வொன்றாக ஆரஞ்சு நிறத்தில் விழித்துக்கொள்ளும். குழாயிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் இறங்கும். காதுப் பென்சிலை எடுத்து முதல் வால்வை லேசாகத் தட்டுவார். ஐந்து குழாயிலும் 'டங்' என்று கேட்கும். மேய்ந்துவிட்டு வரும் ஆடுகள் அத்தனையும் நின்றுவிடும்.

பக்கத்தில் நிற்கும் தங்கச்சி மகனுக்குப் பாடம் அப்போதே தொடங்கும். "கண்ணாடில லேசா நீலமாத் தெரியுதா? அது நல்லது. உள்ள தகடு செவந்துச்சுன்னு வெச்சுக்க, ஒடனே நிறுத்திரணும்." பெட்டிக்குள் 400, 500 வோல்ட் ஓடுகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். "ஒருதடவ தூக்கி அடிச்சுச்சு. மாரியாத்தாதான் காப்பாத்துனா" என்பார். மாரியாத்தா காப்பாற்றியதற்கு நன்றிக்கடன்தான் வருஷா வருஷம் இலவச செட்டு என்று கோயில் கமிட்டி நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் கலைக்கக் கமிட்டிக்கு மனமில்லை.

பிறகு வால்யூம். 1984-ல் வந்த ஓர் ஆங்கில நகைச்சுவைப் படத்தில், எல்லோருடைய ஆம்ப்ளிஃபையரிலும் எண் 10 வரைதான், எங்களுடையதில் 11 வரை இருக்கிறது என்று ஒரு கிடார்காரர் பெருமை அடிப்பார். உலகமே சிரித்தது. மாமாவின் குமிழில் எண்ணே கிடையாது. விரல் பட்டுப் பட்டு எல்லாம் அழிந்துவிட்டது. கை தானாக நிற்கும் இடம்தான் கணக்கு. கை அநேகமாகக் கடைசியில்தான் நிற்கும்.

"மாமா, கொஞ்சம் கொறச்சு வையுங்க. பேசறதே கேக்கல."

"இப்பப் பேசி என்ன மாப்ள ஆவப்போவுது? பாட்டக் கேளு."

இதை வெறும் திமிர் என்று நினைத்துவிடக் கூடாது. குறைத்து வைத்த வால்வு செட்டு இன்னொரு ரேடியோ, அவ்வளவுதான். அதன் குணம் முக்காலுக்கு மேல் திருப்பினால்தான் வெளியே வரும். தன் சக்திக்கு மீறி வேலை வாங்கும்போது டிரான்சிஸ்டர் செட்டு சட்டென்று மடங்கும். ஒலி அலையின் தலை சீவிய இளநீர் மாதிரி தட்டையாகிவிடும். காதுக்கு அது கரகரப்பு. வால்வு அப்படி ஒரேயடியாகக் கைவிடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் திணறி, அலையின் உச்சியை உருட்டி விடும். அந்த உருட்டலில் பாட்டில் இல்லாத புதுச் சத்தங்கள் பிறக்கின்றன. இரண்டு மடங்கு அதிர்வு பிறந்தால் அதே சுரம், மேல் ஸ்தாயியில். மூன்று மடங்கு பிறந்தால் அதற்கு மேல் பஞ்சமம். அதாவது ச, ப. தம்புராவுக்கு எதைச் சுருதி சேர்க்கிறோமோ அதையே இந்த இரும்புப் பெட்டி சேர்த்துத் தருகிறது. இளநீர் சீவும் செட்டில் ஏழாவது, ஒன்பதாவது மடங்குகள் தூக்கலாக எழும். ஏழாவது மடங்கு நம் பன்னிரண்டு சுரத்தானத்தில் எதிலும் சரியாக உட்காராது. மாமா இந்தக் கணக்கெல்லாம் போட்டதில்லை. "வால்வு அழுதாலும் ராகமா அழுவும்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

இதே சத்தத்துக்காகக் கடல் தாண்டி ஒரு கூட்டமே பைத்தியமாகத் திரிந்திருக்கிறது. லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஜிம் மார்ஷல் 1960-களின் தொடக்கத்தில் கடை போட்டு, ஃபெண்டர் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்துத் தன் செட்டைக் கட்டினார். அது திணறும் அழகு கிடார்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று நின்றதில்தான் 100 வாட் மார்ஷல் பிறந்தது. 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் என்ற பையன் 1964-ல் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கிழித்தே பிசிறை வரவழைத்தான். இதைக் கேட்டால் மாமாவுக்கு நெஞ்சு வலிக்கும். கிழிந்த ஸ்பீக்கருக்குச் செய்தித்தாளும் ஃபெவிகாலும் வைத்து ஒட்டியே ஒரு தலைமுறையைக் கரையேற்றியவர் அவர்.

கிடார்காரர் எடி வான் ஹேலன் கதைதான் மாமாவுக்கு உச்சம். அமெரிக்காவில் வீட்டுக்கு வருவது 120 வோல்ட். அதைக் குறைக்க ஒரு கருவி வாங்கி, சுமார் 90 வோல்ட்டுக்கு இறக்கி, அந்தப் பசியில் ஆம்ப்ளிஃபையரை முழுச் சத்தத்தில் ஓட்டினார் அவர். அதில் வந்த குரலைக் காப்பியடிக்க ஊரில் இருந்த கிடார்காரர்கள் எல்லாம் அலைந்தார்கள். நம் பக்கம் சின்ன வெங்காயத்துக்கும் கரும்புக்கும் மோட்டார் ஓடத் தொடங்கினால், வோல்டேஜ் காசு வாங்காமலே இறங்கும். வேப்பமரத்துக் குழாயில் எல்.ஆர். ஈஸ்வரி குரல் லேசாகத் தேன் பூசிக்கொள்ளும். "பாத்தியா, இப்பதான் செட்டு பாடுது" என்று மாமா கண்ணை மூடுவார். ஐந்து நிமிடத்தில் மோட்டார்கள் நின்று வோல்டேஜ் ஏறும். மாமா கண்ணைத் திறந்து, கூட்டத்தில் யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போலப் பார்ப்பார்.

எல்லாப் பாட்டும் இந்தப் பெட்டிக்கு ஆகாது. ஒரே ஒரு ராகக் கோடு ஓடினால் ச-வும் ப-வும் கூடி அழகு. ஐம்பது வயலின், கிடார், கோரஸ் என்று சேர்ந்து வந்தால் ஒன்றோடு ஒன்று முட்டி எல்லாம் கூழ். ராக் கிடார்காரர்கள் ச, ப என்று இரண்டே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுவதும் இதனால்தான். மாமாவுக்கு இதற்கு மருந்து நாகஸ்வரம். விடிந்தும் விடியாமல் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, அப்புறம் காருகுறிச்சி அருணாசலம். குழாய் ஸ்பீக்கருக்குச் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரல் எழும்பாது. தவிலின் தொப்பிப் பக்கம் ஏறக்குறையக் காணாமல் போகும். நாகஸ்வரத்தின் குரலோ அந்த எல்லைக்கு மேலேதான் கொடி கட்டிப் பறக்கிறது. வெட்டவெளிக்கென்று பிறந்த வாத்தியமும் வெட்டவெளிக்கென்று செய்த குழாயும் சேரும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மாமாவை எத்தனை வேண்டுமானாலும் மன்னிக்கலாம் என்பது என் கட்சி.

கூழாகும் குணத்தால் சமூகப் பலன்களும் உண்டு. மொய் வாசிக்கும்போது நூற்றியொன்று ஆயிரத்தொன்றாகக் கேட்டு, பல மாமன் மச்சான்களின் மானம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. டி.என். 46-இல் தொடங்கும் வண்டி வழியை மறிக்கிறது என்று அறிவித்தால் மிச்ச எண் யாருக்கும் புரியாது. பந்தியில் பாதிப் பேர் எழுந்து தங்கள் வண்டியைப் பார்க்க ஓடுவார்கள். டி.என். 61 அரியலூர்க்காரர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று பின்னாலேயே போவார்கள். அந்த இடைவெளியில் அடுத்த பந்தி உட்கார்ந்துவிடும்.

மாமாவின் வெற்றியை அளக்க டெசிபல் மீட்டர் வேண்டாம். மோட்டார் பைக்கில் ஒரு பையனைப் பக்கத்து ஊருக்கு அனுப்புவார். "கேட்டுச்சு மாமா" என்றால் முகம் மலரும். "வார்த்தை புரிஞ்சுச்சா?" என்று மட்டும் கேட்க மாட்டார். அடுத்த மாவட்டத்துக்குக் கேட்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் லட்சியம். பெரம்பலூர் மாவட்டம் திருச்சியிலிருந்து 1995-ல் பிரிந்தது. அரியலூர் 2001-ல் அதிலிருந்து பிரிந்து, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு பிரிவினையிலும் எல்லை கிட்டே வந்துகொண்டே இருந்தது. எல்லையோரத்து மாமாக்களுக்கு இப்போது இரண்டு வயல் தாண்டினாலே அடுத்த மாவட்டம். ஆம்ப்ளிஃபையரில் ஒரு வாட்கூடக் கூட்டாமல் அரசாணை மூலமாகவே லட்சியத்தை எட்டியவர்கள் அவர்கள்.

வாட் கூட்டினாலும் பெரிய பயன் இல்லை என்பது இன்னொரு சங்கடம். வாட்டை இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். மாமா அதனால் வாட்டைத் தொடுவதில்லை, நேரத்தைத் தொடுவார். விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது சூடாகவும் இருக்கும். மேலே போகிற ஒலி வளைந்து மறுபடி கீழே இறங்கும். பகலில் ஏரிக்கரையோடு நின்றுபோகும் பாட்டு, விடியலில் அடுத்த ஊர்த் திண்ணையில் போய் உட்காரும்.

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். திருவிழா வந்தால் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்று போலீஸ் அறிவிப்பு வேறு வரும். மாமா அந்த அறிவிப்பை முழுதாகப் படித்தவர். "கூம்புன்னு போட்டிருக்கு. நம்மகிட்ட இருக்கறது குழாய்" என்பது அவர் வாதம். ஏட்டையா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒயரைக் கழற்றிக்கொண்டு போவார். காலை ஐந்தரைக்கே முனகல் கேட்கிறதே என்று கேட்டால், "பாட்டு போடலீங்க, வால்வ சூடேத்தறேன்" என்பார். அரை நிமிட வேலைக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஒரே ஆம்ப்ளிஃபையர் அதுதான்.

பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு செய்த காலம் போய்விட்டது. இன்று ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியாவில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். வாங்குவோரில் பெரும்பாலோர் கிடார்காரர்கள். அவர்கள் புண்ணியத்தில்தான் நம் மாரியம்மனுக்கும் பாட்டு கேட்கிறது. மாமா சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஜோடி வாங்கி, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். பேரனைக்கூட அப்படி மடியில் வைத்ததில்லை என்று வீட்டில் ஒரு நிரந்தரக் குறை உண்டு.

இந்தப் பக்கம் விசேஷம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாமாவைக் கட்டாயம் கூப்பிடுங்கள், முதல் பந்தியிலேயே உட்கார வையுங்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுப் பக்கம் குழாயைத் திருப்ப வேண்டாம் என்று ஏணி ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்; ஏறிய பிறகு சொன்னால் கேட்காது. அட்வான்ஸ் கொடுக்கும்போதே இரவு பத்து மணி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கடிகாரத்தில் பத்து மணி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.