உயிரும் 375 ரூபாயும்

“நல்ல தடுப்பூசி வந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்?” என்று சும்மா கேட்டுப் பாருங்கள். நம்மவர்கள் கர்ணன் பரம்பரை. உயிரைவிடவா காசு பெரிசு என்பார்கள்.

2022 ஏப்ரல் 10-ல் அந்த வள்ளல்தனத்துக்குச் சோதனை வந்தது. 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்குக் கொரோனா மூன்றாம் தவணை. தனியார் மருத்துவமனையில், காசுக்கு. கோவிஷீல்டு 600, கோவாக்சின் 1,200 என்றிருந்ததை முந்தின நாளே ஆளுக்கு 225 என்று இறக்கினார்கள். ஊசி போடும் கூலி 150-ஐத் தாண்டக் கூடாது. ஆடித் தள்ளுபடியில்கூட இப்படிக் கிடைக்காது. கூட்டந்தான் வரவில்லை.

“அதான் ரெண்டு போட்டாச்சே சார்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர், கையில் பக்கெட் பிரியாணியோடு. பிரியாணியில் அவர் தவணைக் கணக்குப் பார்ப்பதில்லை.

ஜூலை 15 முதல் 75 நாளைக்கு அரசு மையங்களில் இலவசம் என்றார்கள். அதே மருந்து, அதே கை. நாடு முழுக்க ஊசிக் கணக்கு எகிறியது. நம்மவரும் குடும்பத்தோடு முகாமுக்குப் போனார். திரும்பி வந்ததும் ஒரே குறைதான்: “பாராசிட்டமாலை எண்ணி எண்ணித் தர்றாங்க சார். ஒரு அட்டை முழுசாக் குடுத்தா என்ன?”