வராமலே வீட்டை ஆளும் ரெபெக்கா

கே: டாஃப்னி டு மோரியரின் ‘ரெபெக்கா’வை மூன்று வாரமாகப் படிக்கிறேன். பாதி தாண்டியும் கதை நகரவில்லை; கீழே வைக்கவும் மனம் வரவில்லை. எனக்கு என்ன ஆயிற்று? (வாசகி, கும்பகோணம்)

ப: ஒன்றும் ஆகவில்லை அம்மா. பொறாமைப்படுகிறவளுக்குப் பொழுது எப்படிப் போகுமோ, அப்படி உங்களுக்கும் போகிறது. மான்டர்லி மாளிகைக்கு இரண்டாம் தாரமாக வந்தவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. அன்றைய சமையல் பட்டியலுக்குத் தலையாட்டினால் போதும். மீதி நேரமெல்லாம் செத்துப்போன மூத்தாள் ரெபெக்காவின் நினைப்புதான். மேஜையைத் திறந்தால் அவள் கையெழுத்து, மழைக்கோட்டுப் பையில் அவள் கைக்குட்டை. ஒருநாள் டெலிபோன் அடிக்கிறது. வீட்டு எஜமானி மிசஸ் டி வின்டரைக் கேட்கிறார்கள். அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்று இவள் பதறிப்போய்ச் சொல்கிறாள். கூப்பிட்டதோ இவளைத்தான்! அவசரமாக ஓடும் கதையில் இப்படி ஓர் இடம் வாய்க்காது.

கே: அப்படியானால் இழுவையே இல்லையா? (வாசகர், சேலம்)

ப: இருக்கிறது. மரியாதைக்காக ஊரார் வீடுகளுக்குப் போய்வரும் பக்கங்களில் எனக்கும் பொறுமை போனது. ஆனால் பீங்கான் பொம்மை உடையும் இடத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள். உடைந்த துண்டுகளை எஜமானியே சின்னப் பிள்ளை மாதிரி மேஜை இழுப்பறையில் ஒளித்து வைக்கிறாள். பழி ஒரு வேலைக்காரன் மேல் விழுகிறது. கடைசியில் கணவன் முன்னாலும், வீட்டு நிர்வாகி மிசஸ் டான்வர்ஸ் முன்னாலும் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. பிறகு வரும் பிணத்தைவிட அந்தப் பொம்மைதான் என் நெஞ்சைப் படபடக்க வைத்தது.

கே: வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்தவன் நான். அத்தியாயத்துக்கு ஒரு ‘திடுக்’ வேண்டாமா? (வாசகர், மதுரை)

ப: நானும் அப்படி வளர்ந்தவன்தான். கதவு தட்டப்படும், ‘தொடரும்’ போடுவார்கள், அடுத்த இதழ் வரை தவிப்போம். அங்கே காத்திருப்பு இரண்டு இதழுக்கு நடுவில் இருந்தது. டு மோரியர் அதைப் பக்கத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

கே: கதையைச் சொல்கிறவளுக்குப் பெயரே இல்லையே! (வாசகி, திருச்சி)

ப: முதலில் பெயர் அகப்படவில்லை, பிறகு அதையே ஒரு சவாலாக எடுத்துக்கொண்டேன் என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். 1938-ல் புத்தகம் வந்தபோது அட்டையையும் மூத்தாளே பிடித்துக்கொண்டாள்.

கே: ரெபெக்காவைத் தானே சுட்டதாகக் கணவன் சொல்கிறான். கேட்டவள் சந்தோஷப்படுகிறாள்! இதையா காதல் கதை என்கிறார்கள்? (வாசகி, தூத்துக்குடி)

ப: முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கசப்பு நியாயமானது. அவள் காதில் கொலை விழவில்லை. மூத்தாளை அவன் நேசிக்கவே இல்லை என்பது மட்டும்தான் விழுந்தது. இத்தனை அத்தியாயம் அவளோடு கூடவே தவித்ததால் நமக்கும் முதலில் நிம்மதிதான் வருகிறது, கூச்சம் அப்புறம்தான். கதை மெதுவாக நடந்துவந்தது நம்மை இந்த இடத்துக்குக் கொண்டுவரத்தான். ரெபெக்கா கெட்டவள் என்று நம்மிடம் அதிகம் சொல்கிறவன் அவளைக் கொன்றவன் என்பதும் அப்போதுதான் உறைக்கிறது.

1940-ல் ஹிட்ச்காக் இந்த நாவலை எடுத்த படத்தில் இந்தக் கொலை இல்லை. மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. அதனால் ரெபெக்கா தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம், எனக்கும் பிடித்த படம். ஆனால் கொலையைக் கேட்டும் நிம்மதி எப்படி வந்தது என்று உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்தக் கேள்வி அதில் காணாமல் போய்விட்டது.

கே: முடித்துவிட்டேன். இன்னொரு முறை படிக்கலாமா? (வாசகர், ஈரோடு)

ப: முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டும் உடனே படியுங்கள். கால வரிசையில் கடைசி அத்தியாயங்கள் அவைதான். மாளிகை போய்விட்டது, மூத்தாளும் ஒழிந்தாள், அவன் முழுக்க இவளுக்கே ஆகிவிட்டான். வெளிநாட்டு ஓட்டலில் இவள் அவனுக்கு இங்கிலாந்துக் கிரிக்கெட் செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறாள். முதல் தடவை அது எனக்கு நிம்மதியாகத் தெரிந்தது. இரண்டாம் தடவை, ஆயுள் தண்டனையாக.