பீங்கான் ஒப்பாரி

1751 வாக்கில் லண்டனில் செய்த அபூர்வமான பீங்கான் பொம்மை அது. பிரிட்டானியா, அதாவது பிரிட்டிஷ்காரர்களின் பாரத மாதா, உட்கார்ந்தபடி கைக்குட்டையும் கண்ணீருமாக இருக்கிறாள். பக்கத்தில் சிங்கம். கூடவே வட்டமான ஒரு பதக்கம். அதில் காலமான பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் முகம். வெள்ளை வெளேரென்று ஒரு தேசமே தேம்புகிறது.

பிறந்த வீட்டில் தேம்ப ஆளில்லை. தாத்தா ராஜாவாகிக் குடும்பம் லண்டனுக்குக் கிளம்பியபோது, ஏழு வயசுப் பையன் பிரெடரிக்கை ஹானோவரிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். 1728இல் வரவழைத்தபோது அவருக்கு 21 வயது. அப்பா இரண்டாம் ஜார்ஜுக்கு மகனைக் கண்டாலே ஆகாது. அம்மா அதற்கும் மேல். பெற்ற பிள்ளையைக் கழுதை, பொய்யன் என்று வாய் ஓயாமல் திட்டியதை அரண்மனை ஆசாமி ஹெர்வி பிரபு எழுதி வைத்திருக்கிறார்.

பிள்ளையும் லேசுப்பட்டவர் இல்லை. 1737இல் மனைவிக்குப் பிரசவ வலி கண்டதும், பெற்றோர் கண்ணெதிரே குழந்தை பிறக்கக் கூடாதென்று, ராத்திரியோடு ராத்திரியாக ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்து செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைக்கு அவளைக் கோச்சில் கடத்தினார். அங்கே படுக்கை விரிப்புகூடத் தயாராக இல்லை. மேஜை விரிப்பில் பிறந்தது ராஜ வம்சம்! அதற்காகவே அப்பா அரண்மனையை விட்டு விரட்டினார்.

1751 மார்ச் 31 அன்று 44 வயதில் பிரெடரிக் போய்ச் சேர்ந்தார். சேதி வந்தபோது அப்பா சீட்டாட்ட மேஜைப் பக்கம் இருந்தார். அடக்கம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். பாட்டும் இல்லை, ஆர்கனும் இல்லை. உடலுக்குக் காவலிருந்த கனவான்களுக்கு ஒரு துண்டு ரொட்டி போட அரண்மனையில் நாதியில்லை. பக்கத்துச் சாராயக் கடையில் சொல்லி ஆறிய சாப்பாடு வரவழைத்தார்கள். பிறகுதான் அரண்மனைக்கு ஞானோதயம் வந்து பந்தி போட்டது. கடைச் சாப்பாடு ஏழைகளுக்குப் போனது. இளவரசரின் ஆளான டோடிங்டன் தன் டைரியில் இதற்காக மாய்ந்து மாய்ந்து புலம்புகிறார்.

பிரிட்டானியா அழுவதில் நியாயம் உண்டு. 'ரூல் பிரிட்டானியா' பாட்டு 1740இல் முதன்முதலாக அரங்கேறியதே இவருடைய கிளைவ்டன் மாளிகையில்தான். அந்த நன்றிக்கு இரண்டு சொட்டாவது விட வேண்டாமா?

பொம்மை வந்தது செயின்ட் ஜேம்ஸ் பக்கம் பட்டறை வைத்திருந்த சார்ல்ஸ் கூயின் என்ற நகை வியாபாரியிடமிருந்து. துக்கத்தைக் காசாக்கினார் என்று யாராவது பழித்தால் நான் ஒப்ப மாட்டேன். சீட்டாட்ட மேஜைப் பக்கம் இருந்த அப்பனுக்கு அந்த வியாபாரி எவ்வளவோ தேவலை.