பொய் சொல்லப் பழகும், மாப்பிள்ளை

வாரும் மாப்பிள்ளை, உக்காரும். சென்னையில இருந்து காரை மிதிச்சுக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்கீரு, மொதல்ல மோரக் குடியும். பெறகு கவலைய எறக்கி வையும்.

என்னது? பய புத்தகத்தத் தொட மாட்டேங்கானா? சாமி கும்பிடக் கூப்புட்டா வயித்து வலிங்கானா? ஆச்சி பக்கத்துல வந்து உக்காந்தாலும் செல்போனுல இருந்து தலையத் தூக்க மாட்டேங்கானா? சரிதான். நீரு மூணு வியாதின்னு நெனச்சு வந்திருக்கீரு, எனக்கு ஒண்ணுதான் தெரியுது. மருந்தும் ஒண்ணுதான். நீரு படிச்ச ஆளாச்சே, அது உமக்குச் செரிக்குமான்னுதான் ரோசனையா இருக்கு.

நீரு பண்ணுன வைத்தியத்தயும் கேள்விப்பட்டேன். புத்தகச் சந்தைக்குப் போயி ரெண்டு பை நெறைய அள்ளிக்கிட்டு வந்து, தேக்குல அலமாரி அடிச்சு, கண்ணாடிக் கதவு போட்டு, தெனம் பத்துப் பக்கம்னு அட்டவணை எழுதி ஒட்டியிருக்கீராம். சாமி ரூம்புலயும் ஒரு அட்டவணை தொங்குதாம். பள்ளிக்கூடத்துல ஒருத்தன் மணி அடிக்கான், வீட்டுல நீரு ஒரு மணி அடிக்கீரு. பய எங்கதான் ஓடுவான்? அலமாரிக்குப் பூட்டும் போட்டிருக்கீராமே, அது மட்டும் நல்ல காரியம். பூட்டுன எடத்துல கை வச்சுப் பாக்கணும்னு என்னைக்காவது ஒரு நாளு தோணும்.

நாங்க மட்டும் எப்பிடிப் படிச்சோம்னு கேக்கீரா? அறிவுத் தாகம், ஞானப் பசின்னு மேடையில பேசுதவன் பேச்சக் கேக்காதீரும். எங்களுக்கு இருந்தது வயித்துப் பசி ஒண்ணுதான். 1951 கணக்கெடுப்புல நம்ம தேசத்துல எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக நூத்துக்கு 18 பேரு. பொம்பளைகள்ல நூத்துக்கு 9 பேரு கூடத் தேற மாட்டாக. எங்க வீட்டுல அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், ஆச்சிக்கு அதுவும் கெடையாது. மூணாங்கிளாஸ் படிச்ச நான்தான் வீட்டுக்கு வித்துவான்.

அந்த மரியாத இருக்கே! பொழுது விழுந்ததும் ஆச்சி அரிக்கேன் விளக்க எடுத்துச் சிம்னியத் தொடைப்பா. சாம்பலத் தொட்டு, கந்தத் துணிய உள்ள விட்டுத் திருகித் திருகித் தொடைச்சு, வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பாத்துட்டு, “ஏ அய்யா, வந்து ரெண்டு வரி வாசிச்சுட்டுப் போ”ம்பா. ரெண்டு வரின்னா ரெண்டு மணி நேரம்னு அர்த்தம். அதுக்குக் கூலி, முந்தியில முடிஞ்ச கருப்பட்டித் துண்டு. எனக்குப் பக்தி வந்தது, தமிழ் வந்தது எல்லாம் அந்தக் கருப்பட்டியப் பிடிச்சுக்கிட்டுத்தான்.

புத்தகம் எங்க இருந்து வரும்? சங்கரன்கோயில் ஆடித் தபசுக்குப் போனா, வளையல் கடைக்கும் பொரிகடலைக் கடைக்கும் நடுவுல சாக்க விரிச்சுப் போட்டிருப்பான். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, விக்கிரமாதித்தன் கதை, தேசிங்குராசன் கதை, நல்லதங்காள் கதை. எல்லாம் ‘பெரிய எழுத்து’. பட்டணத்துல ரத்தின நாயகர் கடைக்காரவுக போட்டு ஊர் ஊரா அனுப்புவாக. தாளு முறமுறன்னு இருக்கும், எழுத்து மட்டும் கட்டெறும்பு கணக்கா நிக்கும். விளக்கு வெளிச்சத்துல எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்குன்னே அடிச்சது. ஆச்சி புத்தகத்தக் கையில வாங்குனதும் கண்ணுல ஒத்திக்கிடுவா. உள்ள இருக்கது, பாம்பு வேசம் போட்டு அல்லிய ஏமாத்தப் போன அர்ச்சுனன் கதைதான்! அதுக்கும் அதே கும்பிடு. எழுத்துன்னா சாமி, அம்புட்டுத்தான்.

எனக்குத் தூக்கம் வந்தா ரெண்டு பக்கத்தச் சேத்துப் புரட்டிருவேன். எழுதப் படிக்கத் தெரியாத கெழவிக்கு எப்பிடித் தெரியப் போவுதுன்னு நெனப்பு. “ஏலே, பாம்பு இன்னும் கோட்டைக்குள்ளயே நொழையல, அதுக்குள்ள அல்லி எதுக்குலே அழுதா?”ன்னு பிடிச்சிருவா. பக்கத்துல உக்காந்திருந்த எங்க அக்கா, அதான் உம்ம அம்மா, விட்டுப்போன நாலு வரிய மூச்சு விடாம ஒப்பிச்சிருவா. அவள ரெண்டாங்கிளாசோட நிப்பாட்டிட்டாக. ‘பொட்டப் பிள்ளைக்குப் போதும்’னாக. என்னவிட அவதான் கெட்டிக்காரி, ஆனா புத்தகம் என் மடியிலதான் இருக்கும். இன்னைக்கும் அல்லி கதைய எங்க தொட்டாலும் அவ சொல்லுவா, வேணும்னா வீட்டுக்குப் போயிக் கேட்டுப் பாரும். உம்ம வீட்டுக்குள்ளயே ஒரு நூலகம் உக்காந்து சீரியல் பாத்துக்கிட்டு இருக்கு, நீரு புத்தகச் சந்தையில வேர்க்க விறுவிறுக்க அலையுதீரு.

நல்லதங்கா கதைய எடுத்தா மட்டும் ஆச்சி ஒரு சட்டம் வச்சிருந்தா. நமக்கு அந்தக் கதை தூரத்துக் கதை இல்ல பாத்துக்கிடும், வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்துல நல்லதங்காளுக்குக் கோயிலே இருக்கு. பன்னெண்டு வருசப் பஞ்சம். ஏழு பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்கு வாரா, அண்ணன் பொண்டாட்டி மூளி அலங்காரி கஞ்சி ஊத்தல. பிள்ளைகள ஒண்ணொண்ணாக் கிணத்துல போட்டுட்டுத் தானும் விழுந்திருதா. அந்த எடத்துக்கு வரும்போது எனக்குத் தொண்ட கட்டிரும். விளக்குல எண்ணெயும் தீரப் போகும். “நாளைக்கு வாசிக்கேன் ஆச்சி”ம்பேன். “பிள்ளைகளக் கிணத்துல போட்டுட்டா படுக்கப் போற? வெளிய எடுத்துட்டுப் போலே”ம்பா. சிவன் வந்து எல்லாரையும் எழுப்பி விடுத வரைக்கும் ஒருத்தரும் பாயில சாயக் கூடாது. எண்ணெய் தீந்துட்டா அடுப்படிக் கொள்ளியப் பிடிச்சுக்கிட்டு நிப்பா.

ரெண்டு வருசம் மழை இல்லாம கம்மாய் பொளந்து கெடந்தப்போ அந்தக் கதையத்தான் அடிக்கடி கேட்டா. எதுக்குத் தெரியுமா? “அவளுக்குப் பன்னெண்டு, நமக்கு ரெண்டுதானலே”ம்பா. அம்புட்டுத்தான் ஆறுதல். இன்னைக்கு அதுக்கு ஒரு டாக்டரப் பாக்கணும், டோக்கன் வாங்கணும்.

ஊரே ஆறுதல் தேடுததுன்னா விராட பருவம். மழை பொய்ச்சா மடத்துல பாரதம் வைப்பாக. ஒருத்தர் வில்லிப்புத்தூரார் பாட்ட இழுத்து வாசிப்பாரு, இன்னொருத்தர் அர்த்தம் சொல்லுவாரு. எத்தனையோ பருவம் இருக்கையில மழைக்கு ஏன் விராட பருவம்? பாண்டவங்க ஒளிஞ்சு கெடக்க காலம் அது. அவுகள எங்க தேடுததுன்னு துரியோதனன் முழிக்கையில, தருமன் இருக்க நாட்டுல மழை பொய்க்காது, பயிர் செழிச்சிருக்கும், அத வச்சுக் கண்டுபிடின்னு பீஷ்மர் சொல்லுவாரு. தருமனக் கூப்புட்டு ஊருல உக்கார வச்சா மழை கூடவே வந்தாகணும்ல? அதான் கணக்கு. முடியுத அன்னைக்குப் பாயாசம் உண்டு. சில வருசம் மழை வந்தது. சில வருசம் பாயாசம் மட்டும் வந்தது. நாங்க ரெண்டுக்கும் குறை சொன்னதில்ல.

எல்லாரும் பக்திமான்னு நெனச்சிராதீரும். எங்க சித்தப்பா கருப்புச் சட்டை. உள்ள நான் விக்கிரமாதித்தன் வாசிச்சா, திண்ணையில அவரு ‘விடுதலை’ய ஊருக்கே கேக்க மாதிரி வாசிப்பாரு. ஆச்சி லேசுப்பட்டவளா? “ஏலே, ஈரோட்டுக்காரரு இன்னைக்கு என்ன சொல்லுதாரு?”ன்னு கேட்டுப் போயி உக்காருவா. கடைசி வரைக்கும் கேட்டுட்டு, “நாயமாத்தான் சொல்லுதாரு”ன்னுட்டு நேரா வந்து விளக்க விழுந்து கும்பிடுவா. சித்தப்பாவுக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா நல்லதங்கா கிணத்தடிக்குப் போயிட்டான்னா திண்ணையில சத்தம் நின்னு போகும். பேப்பரப் புரட்டுத ஓசை கூடக் கேக்காது.

நம்ம சீமையில வேதமும் வாசிப்பும் என்னைக்கு மாப்பிள்ளை பிரிஞ்சு இருந்தது? பக்கத்து எட்டயபுரத்து உமறுப்புலவர் பாடுன சீறாப்புராணத்த பாய் வீடுகள்ல ராகம் போட்டு வாசிப்பாக, தெருவே கேக்கும். தாமிரவருணி கடலுல விழுத புன்னைக்காயல்ல, 1586-லயே அண்ட்ரிக் பாதிரியார் ‘அடியார் வரலாறு’ன்னு தமிழ்ல புத்தகம் அடிச்சுட்டாரு. சாமி கதையக் கேக்க ஆளு இருந்தது, அதுனால அச்சு வந்தது. எந்தச் சாமின்னாலும் யாராவது ஒருத்தர் சத்தமா வாசிக்கணும், நாலு பேரு சுத்தி உக்காரணும்.

இப்பம் உம்ம வீட்டுக்கு வருவோம். நீரு படிச்சவரு, உம்ம பொண்டாட்டி உம்மவிடப் படிச்சவ. எல்லாருக்கும் கண்ணு தெரியுது, ஆளுக்கொரு செல்போன். அந்தப் பய வாசிச்சு யாருக்கு என்ன ஆகணும்? நான் வாசிக்கலன்னா எங்க ஆச்சிக்கு அன்னைக்குக் கதை கெடையாது. அந்தக் கெத்துலதான மாப்பிள்ளை நான் வாசிச்சேன்! உம்ம மகன் வாசிக்கலன்னா அட்டவணையில ஒரு கட்டம் காலியா இருக்கும், அம்புட்டுத்தான். எந்தப் பிள்ளை கட்டத்துக்காகப் படிக்கும்?

அதுனால, பொய் சொல்லப் பழகும். மூக்குக் கண்ணாடியத் தொலைச்சுப் போட்டதாச் சொல்லும். உம்ம அம்மாவையும் கூட்டுச் சேத்துக்கிடும், நடிப்புல அவ உம்மத் தூக்கிச் சாப்பிட்டுருவா. “எழுத்து மங்கலாத் தெரியுதய்யா, இந்த ஒரு பக்கத்த வாசி”ன்னு அவ கேக்கட்டும். கதையத் தேடும்போது நீதி போதனைப் பக்கம் போகாதீரும். பேயி, களவு, மாறுவேசம், கிணறு இதெல்லாம் இருக்கணும். வாசிச்சு முடிச்சதும் ‘இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?’ன்னு கேட்டீரோ, சோலி முடிஞ்சது. ‘பெறகு என்னாச்சு?’ன்னு மட்டும் கேட்டுட்டு வாயப் பொத்திக்கிடும்.

கோயிலுக்கும் அதே மருந்துதான். தல புராணம் சொல்லி இழுத்துக்கிட்டுப் போகாதீரும். மார்கழி விடியக்காலம் பனியில எங்கள எழுப்பினது திருப்பாவையா? தொன்னையில நெய் வழிய வச்சுத் தார பொங்கல் மாப்பிள்ளை! பாட்டு தானா வந்து காதுல ஒட்டிக்கிட்டது. சரசுவதி பூசை வந்தா புத்தகத்த எல்லாம் அடுக்கி வச்சு, இன்னைக்குப் படிக்கக் கூடாதுன்னு கறாராச் சொல்லும். எங்களுக்கு வருசம் பூரா வராத ஆச அன்னைக்குத்தான் வரும், கை நமநமங்கும். கூடவே உம்ம செல்போனையும் சந்தனம் வச்சு, அந்தப் புத்தகங்களோட சேத்துப் பூசையில ஏத்திரும். ஆயுதந்தான அதுவும்? என்ன, முழிக்கீரு? பய ஒரு நாளு தாங்கிருவான், நீரு தாங்குவீரான்னுதான் சந்தேகம்.

இன்னொண்ணு. புத்தகத்துக்குன்னு காசக் கொட்டுதீரே, வீட்டு வரியில ரூவாய்க்கு 10 பைசா நூலகத்துக்குன்னு வருசா வருசம் அழுதுக்கிட்டு இருக்கீரே, தெரியுமா? சுதந்திரம் வந்த மறு வருசமே, 1948-ல, நம்ம மாகாணத்துலதான் மொதல்ல நூலகச் சட்டம் போட்டாக. அதுக்கும் முந்தி, 1931-லயே மன்னார்குடி மேலவாசல்ல மாட்டு வண்டியில புத்தகத்த ஏத்தி ஊர் ஊராக் கொண்டு போனாக. மாடு கட்டி இழுத்துக்கிட்டு வந்தத, நீரு காரு இருந்தும் போயிப் பாக்கல. ஆச்சிய நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போகணும், தொணைக்கு வாடான்னு பயலக் கூப்புடும். தொணைக்குன்னா வருவான். படிக்கன்னா வர மாட்டான்.

என்ன சிரிக்கீரு? பொய்யி பாவம்ங்கீரா? எனக்கு மதுரை அரவிந்துல கண்ணுப் புரை எடுத்தாச்சு. இப்பம் எனக்கு அந்தா ஓடுத பஸ்சு போர்டு எழுத்தே தெரியுது. என் பேத்திக்கு மட்டும் அது தெரியாது. தெனம் காலையில பேப்பர விரிச்சுக்கிட்டு எம் பக்கத்துல உக்காந்து, கொலைச் செய்தியில இருந்து ராசி பலன் வரைக்கும் ஒரு எழுத்து விடாம வாசிக்கா. நேத்து ஒரு பத்தியத் தாண்டிப் போனா. கண்ண மூடிக்கிட்டே பிடிச்சுட்டேன். “எப்பிடித் தாத்தா?”ன்னு அசந்து போனா. கேள்வி ஞானம்னுட்டேன்.

அந்தா, உம்ம மகன் இந்தப் பக்கமாத்தான் வாரான். அந்தப் பஞ்சாங்கத்த எடுத்துக் கையில பிடியும். தலைகீழாப் பிடிக்காதீரும் மாப்பிள்ளை, அம்புட்டு நடிப்பு வேண்டாம். ம்… இப்பம் கண்ணச் சுருக்கும்.