கையை எடுங்க அங்கிள்

ஐ.டி. கம்பெனியில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் நான். ரோபோ என்றால் நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு இருந்தது. தாம்பரத்தை அடுத்த எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற வழக்கமான விசாரணைகளுக்கு நடுவே, 'நம் பிள்ளைகளுக்கு ஒரு ரோபோட்டிக்ஸ் அணி' என்று ஓர் அறிவிப்பைப் போட்டேன். கட்டைவிரல்கள் குவிந்தன. ஒரு அப்பா, "இது இன்ஜினியரிங் சீட்டுக்கு உதவுமா சார்?" என்றார். "கண்டிப்பா" என்றேன். எப்படி உதவும் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்பது போட்டியின் பெயர். ஓர் அணியில் அதிகபட்சம் பத்துப் பிள்ளைகள், அவர்களோடு இரண்டு பெரியவர்கள். லெகோ துண்டுகளால் தாங்களே ஒரு ரோபோ செய்து, தாங்களே நிரல் எழுதி, ஒரு மேஜைமேல் இரண்டரை நிமிடம் ஓடவிட வேண்டும். மேஜைமேல் இருக்கும் மாதிரிகளை ரோபோ தள்ளும், இழுக்கும், தூக்கும். இதோடு, அந்த ஆண்டின் கருப்பொருளையொட்டி ஒரு சிக்கலை ஆராய்ந்து நடுவர்களிடம் விளக்கவும் வேண்டும். நாங்கள் சேர்ந்த 2024-25 பருவத்தில் கருப்பொருள் கடல். விதிகளில் முக்கியமானது ஒன்றுதான்: வேலை பிள்ளைகளுடையது, பெரியவர்கள் கை வைக்கக் கூடாது. அதை நான் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன்.

முதல் கூட்டத்தில் உரையாற்றினேன். உரையாற்றினேன் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். உடம்பில் மாட்டிக்கொள்ளும் இன்சுலின் பம்பைச் செய்த டீன் கேமன் 1989இல் அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமைப்பைத் தொடங்கியது, பின்னாளில் அவரே செக்வே வண்டியைக் கொண்டுவந்தது, 1998இல் லெகோவோடு சேர்ந்து சிறுவர்களுக்கான இந்தப் பிரிவு வந்தது என்று விலாவாரியாகப் போனேன். எம்.ஐ.டி. பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் வலியுறுத்திய பண்பான போட்டி மனப்பான்மைக்கு வரும்போது பின்வரிசையில் ஒருவன் தூங்கியிருந்தான். முன்வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "ரோபோ எங்க அங்கிள்?"

ரோபோ அப்போதுதான் ஓ.எல்.எக்ஸில் பேரத்தில் இருந்தது. லெகோவின் புதிய ரோபோப் பெட்டியான ஸ்பைக் பிரைமின் விலையைப் பார்த்துவிட்டு, பழைய மாடலான ஈ.வி.3 ஒன்றைச் சல்லிசாக வாங்கிச் சாமர்த்தியசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அது சேர்ந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே 2022 கடைசியோடு லெகோ நிறுத்திவிட்டது என்பது வாங்கிய பிறகு தெரிந்தது. போட்டியில் அதை அனுமதித்தார்கள் என்பதால் மானம் தப்பியது.

மேஜைக்கு வருவோம். எட்டடிக்கு நாலடி, ஒரு முழு பிளைவுட் பலகை. ஆசாரி என் வீட்டு ஹாலிலேயே அழகாகச் செய்து முடித்தார். லிஃப்ட்டுக்குள் அது போகாது என்பதை அவர் பணம் வாங்கிக்கொண்ட பிறகு சொன்னார். படிக்கட்டு வழியாக மொட்டை மாடிக்கு ஏற்றினோம். திருப்பங்களில் உரிந்த சுண்ணாம்புக்கு அசோசியேஷன் எனக்கு அனுப்பிய பில் தனி.

மேஜை மாடிக்கு வந்ததில் உண்மையிலேயே பயன்பெற்றவர் இரண்டாம் மாடிப் பாட்டி. மறுநாளே குழம்பு மிளகாயைப் பரப்பிக் காயப் போட்டுவிட்டார். அதன்பின் மேஜைமேல் போட்டி விரிப்பை விரித்தால் எல்லோருக்கும் தும்மல். விதிப்படி இரண்டாவது பெரியவர் ஒருவர் வேண்டுமே, எப்படியும் மேலேதான் இருக்கிறார் என்று படிவத்தில் பாட்டியின் பெயரை எழுதினேன். ஒப்புக்குச் சப்பாணி என்று அப்போது நினைத்தேன்.

ரோபோ நேராகப் போகவே மாட்டேன் என்றது. தொண்ணூறு டிகிரி திரும்பு என்றால் ஒரு நாள் எண்பது, ஒரு நாள் நூறு. நிரல் எழுதிய ஏழாம் வகுப்புக்காரிக்கு நான் தர்க்கம் கற்பித்தேன். பலகையில் வட்டம் வட்டமாக அம்புக்குறி போட்டேன். அவள் கண்ணில் நீர் வரும்வரை கற்பித்தேன். மிளகாயும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம்.

பாட்டிக்கு எதுவுமே தெரியாது. அதனால் கேட்டுக்கொண்டே இருப்பார். "இந்த நம்பர் என்ன கண்ணு?" அவள் விளக்கினாள்: "அது ஜைரோ சென்சார் பாட்டி. எவ்வளவு திரும்பியிருக்குன்னு சொல்லும்." "அது சும்மாதானே நிக்குது, நம்பர் ஏன் ஓடுது?" அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அங்கிள், ஆன் பண்றப்ப எப்பவும் கையில வச்சிருக்கீங்கல்ல?"

இந்தச் சென்சாரின் குணம் அது. உயிர் வரும் நொடியில் அசையாமல் இருக்க வேண்டும். ஆட்டத்தோடு தொடங்கினால் அந்த ஆட்டத்தையே நிலை என்று எடுத்துக்கொண்டு, நிற்கும்போதும் கோணத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நான் ஒவ்வொரு முறையும் கையில் தூக்கி, பட்டனை அழுத்தி, ஆட்டி ஆட்டிப் பேசிவிட்டுத்தான் கீழே வைத்திருக்கிறேன். நிரல் முதல் நாளிலிருந்தே சரியாக இருந்திருக்கிறது.

இதற்குப் பிறகாவது அடங்கியிருக்கலாம். சார்ஜ் போடுகிறேன் என்று ரோபோவை இரவில் வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன். சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். ரோபோவின் முன்கைக்கு ஒரு மோட்டார், அதற்கு மூன்று பற்சக்கரம். காலையில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். என் யோசனை அவர்களை வாயடைக்க வைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கடலில் அறுந்துபோன வலைகளைப் பற்றிக் கோவளம் மீனவர்களிடம் அவர்கள் கேட்டு எழுதிவந்த நோட்டையும் வாங்கி, செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லை நாலு இடத்தில் சேர்த்துக் கொடுத்தேன்.

போட்டி நாளில் நடுவர் அறைக்குள் பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது. மூலையில் உட்கார்ந்திருந்தேன். "இந்தக் கையை ஏன் இப்படி அமைச்சீங்க?" என்றார் நடுவர். பையன் ஒருவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அது அங்கிள் செஞ்சது மேடம். எங்களோடது பையில இருக்கு." எடுத்து மாட்டினார்கள். மோட்டாரே இல்லை, ஒரு லெகோ ரப்பர் பேண்டு மட்டும். மாதிரியில் இடித்ததும் அதுவே மடங்கிப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் என்றால் எடை, எடை என்றால் சக்கரம் வழுக்கும் என்று விளக்கினான். நிரலைக் கேட்டபோது ஏழாம் வகுப்புக்காரி 'சயின்ஸ் ஹோம்வொர்க்' என்ற கோப்பைத் திறந்தாள். "இந்தப் பேர் வச்சா அங்கிள் திறக்க மாட்டார்."

நடுவர் என்னைப் பார்க்காமல் சிரித்ததை அவருடைய பண்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மேஜை ஆட்டம் மூன்று சுற்று; மூன்றில் உயர்ந்த புள்ளிதான் கணக்கு. ஆறு வட்டுகள் தருவார்கள். தொடக்கப் பகுதிக்கு வெளியே போன ரோபோவைக் கையால் தொட்டால் ஒரு வட்டு போகும். ஆறும் மிஞ்சினால் 50 புள்ளி, ஒன்று மட்டும் மிஞ்சினால் 10. முதல் சுற்றில் ரோபோ லேசாகத் தயங்கியதும் பார்வையாளர் வரிசையிலிருந்து "தூக்கு! தூக்கு!" என்று கத்தினேன். பாவம், தூக்கினார்கள். மறுபடி கத்தினேன். மறுபடி தூக்கினார்கள். இரண்டாம் சுற்றிலும் இதே கதை. அதன்பின் பாட்டி என்னிடம் ஐம்பது ரூபாயை நீட்டினார். "தம்பி, எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்க. சர்க்கரை கம்மியா."

டீக்கடையில் நல்ல கூட்டம். நான் திரும்பும்போது மூன்றாம் சுற்று முடிந்திருந்தது. ஒரு வட்டுகூடப் போகவில்லையாம். பரிசு வாங்கும் அளவுக்கு இல்லையென்றாலும், எங்கள் அணியின் உயர்ந்த புள்ளி அதுதான். அந்த ஓட்டத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. வீடியோ எடுக்க வேண்டியவனும் நான்தான்.

அடுத்த பருவத்தின் கருப்பொருள் தொல்லியல் என்று அறிவித்தார்கள். படிவத்தைப் பிள்ளைகளே நிரப்பினார்கள். முதன்மைப் பயிற்சியாளர் பாட்டி. அடுத்த வரியில் நான். கீழடிக்குப் போகலாமா என்று பேச்சு வந்தது. எனக்குக் கீழடி பற்றி நிறையத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கேளுங்க, 2014இல..." என்று ஆரம்பித்தேன்.

"அங்கிள்," என்றாள் ஏழாம் வகுப்புக்காரி, இப்போது எட்டாம் வகுப்பு, "பாட்டிக்கு டீ வேணுமாம்."

பாட்டி எதுவும் கேட்கவில்லை. மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தார். ஆனால் மறுக்கவும் இல்லை.