446 பைட் பரிவட்டம்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தபோது, மூன்று ஆபரேட்டிங் சிஸ்டம்களில் எது வேண்டுமோ வாங்கிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மை காட்டியது. விலைப்பட்டியல் வந்ததும் பெருந்தன்மையின் அளவு தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் 50,000 டாலருக்கு வாங்கி, பெயர் மாற்றி ஐபிஎம்மிடம் கொடுத்த டாஸ் 40 டாலர். கேரி கில்டாலின் சிபி/எம்-86 விலை 240 டாலர், அதுவும் சில மாதம் காத்திருந்தால். மூன்றாவதாக யுசிஎஸ்டி பி-சிஸ்டம் என்று ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கியவர் யாராவது கிடைத்தால் பொன்னாடை போர்த்தலாம். அப்போது எல்லாமே ஃபிளாப்பியில் ஓடியதால் சண்டைக்கு வழியில்லை. எந்த ஃபிளாப்பியைச் செருகுகிறீர்களோ, அன்றைக்கு அதன் ஆட்சி.

வினை 1983-ல் ஹார்ட் டிஸ்க் வடிவில் வந்தது. ஐபிஎம் பிசி எக்ஸ்டி என்ற மாடலில் 10 எம்பி டிஸ்க். இன்றைக்குக் கல்யாண ஆல்பத்தில் இரண்டு போட்டோவுக்குக் காணாது. அந்தப் பத்தையும் நான்கு பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் குடிவைக்கலாம் என்று டாஸ் 2.0-வில் ஏற்பாடு செய்தார்கள். டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் பங்குப் பத்திரத்துக்கு 64, முத்திரைக்கு 2 போக, சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் புரோகிராமுக்கு மிச்சம் 446 பைட். பவர் பட்டனை அமுக்கியதும் பயாஸ் என்ற பூசாரி அந்த 512 பைட்டை எடுப்பார், கடைசியில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார், உள்ளே எவர் உட்கார்ந்திருந்தாலும் பரிவட்டம் கட்டி அனுப்பிவிடுவார். ஆள் யார், எந்த ஊர் என்று விசாரிக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. டிஸ்க்கில் யாரும் இடத்துக்காக அடித்துக்கொள்ளவில்லை. நாற்பது வருஷ அடிதடி முழுக்க இந்த முதல் மரியாதைக்காகத்தான்.

ஐபிஎம் இதை நாகரிகமாகத் தீர்க்கப் பார்த்தது. 1992-ன் ஓஎஸ்/2 2.0-வில் பூட் மேனேஜர் என்றொரு மெனு வந்தது. உங்களுக்கு யார் வேண்டும் என்று பவ்வியமாகக் கேட்கும். கேட்பதற்குக் கூலியாக இருக்கிற நான்கு பங்கில் ஒன்றைத் தனக்கே எழுதி வாங்கிக்கொள்ளும். ஐபிஎம் கமிட்டி போட்டு யோசித்தால் இப்படித்தான் ஆகும்.

இதற்குள் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், 40 எம்பி டிஸ்க் கொண்ட 386 கம்ப்யூட்டரை வாங்கி, அதில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாமின் மினிக்ஸைப் போட்டு, அதன் நிழலிலேயே லினக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இரண்டும் சமாதானமாகத்தான் இருந்தன. 1991 கடைசியில் ஒருநாள் மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருக்கு டயல் செய்யப்போனவர், மோடத்துக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்குக்கே டயல் செய்துவிட்டார். யூனிக்ஸ் வகையறாவில் மோடமும் ஒரு ஃபைல், டிஸ்க்கும் ஒரு ஃபைல். எழுது என்றால் எழுதும், எதில் என்று கேட்காது. டயல் கட்டளை மினிக்ஸ் குடியிருந்த பங்கின் தலையில் போய் விழுந்தது. மினிக்ஸ் காலி. மறுபடி மினிக்ஸைப் போடலாமா, நம் லினக்ஸே போதுமா என்று யோசித்தவர், போதும் என்று முடிவு செய்தார். இன்று உலகின் பாதி சர்வர் அறைகளில் ராஜாங்கம் நடத்துகிற ஒரு சிஸ்டம், தன் முதல் வீட்டை ராங் நம்பரில் பிடித்தது. அடுத்த மாதமே டானன்பாம் லினக்ஸ் காலாவதியான சரக்கு என்று அறிவித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நம்புகிறேன்.

மற்றவர்கள் லினக்ஸைத் தங்கள் டாஸுக்குப் பக்கத்தில் குடிவைக்க, வெர்னர் அல்மெஸ்பெர்கர் 1992-ல் லிலோவை எழுதினார். அது வாசலில் நின்று தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லும். ஒரு கட்டம் தேறினால் ஒரு எழுத்து. நடுவில் கோளாறு என்றால் சொன்ன எழுத்தோடு வாயடைத்து நின்றுவிடும். 'எல்' மட்டும் வந்தால் ஒரு வியாதி, 'எல்ஐ' என்று நின்றால் வேறொரு வியாதி. அடுத்த எழுத்து 'சி'யாக இருந்திருந்தால் நஷ்ட ஈடாவது கேட்டிருக்கலாம். புது கெர்னல் போட்டுவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தீர்களானால், பழைய விலாசத்திலேயே போய்க் கதவைத் தட்டும்.

1995-ல் விண்டோஸ் 95 வந்தது. அதை இன்ஸ்டால் செய்தால் 446 பைட்டில் ஏற்கெனவே யார் இருந்தாலும் எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். பலர் இதைச் சதி என்றார்கள். எனக்கு அது கல்யாண வீட்டு முன்வரிசையில் துண்டு போடுகிற சுபாவம் மாதிரிதான் படுகிறது. அதே மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்டி மெனு காட்டும், ஆனால் சொந்தபந்தங்களின் பெயரைத்தான் தானாகக் காட்டும். அதே வருஷம் எரிக் போலின் என்பவர், குனூ ஹர்ட் என்ற சிஸ்டத்துக்காக கிரப் என்ற பூட்லோடரை எழுதினார். ஃபைல் சிஸ்டத்தைப் படித்து கெர்னலைத் தானே தேடிக்கொள்ளும் சமர்த்து. இன்று பெரும்பாலான லினக்ஸ்களுக்கு அதுதான் வாசல். யாருக்காக எழுதப்பட்டதோ, அந்த ஹர்ட்டின் தேர் இன்னும் நிலையை விட்டுக் கிளம்பியபாடில்லை.

பரிவட்டச் சண்டை பட்டவர்த்தனமாக வெளிப்பட்டது பிஓஎஸ் விவகாரத்தில். ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான் லூயி காஸே உருவாக்கிய அழகான சிஸ்டம் அது. விண்டோஸுக்குப் பக்கத்தில் அதையும் போட்டு விற்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக்கு இலவசமாகவே தருகிறேன் என்றார் காஸே. ஹிட்டாச்சி ஒப்புக்கொண்டு, ஃப்ளோரா ப்ரியஸ் என்ற மாடலில் இரண்டையும் போட்டு ஜப்பானில் விற்றது. ஆனால் பட்டனை அமுக்கினால் நேராக விண்டோஸ்தான் வரும். மைக்ரோசாஃப்டுடன் போட்ட லைசென்ஸ் ஒப்பந்தத்துக்குப் பயந்து மெனுவையே எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர், தன் டிஸ்க்கிலேயே இருக்கிற பிஓஎஸ்ஸைப் பார்க்க ஒரு பூட் ஃபிளாப்பி தயாரித்து, பின்வாசல் வழியாகப் போகவேண்டும். காஸேயின் பி கம்பெனி 2001-ல் தன் சொத்தை 1.1 கோடி டாலருக்கு பாம் என்ற கம்பெனியிடம் விற்றுவிட்டு, 2002-ல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. தப்பை ஒப்புக்கொள்ளாமலே மைக்ரோசாஃப்ட் 2003-ல் 2.325 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. உயிரோடு விலைபோனதைவிடச் செத்த பிறகு இரண்டு மடங்கு சம்பாதித்த சாஃப்ட்வேர் கம்பெனி வேறு உண்டா தெரியவில்லை.

ஆப்பிளின் கதை சுருக்கமானது. 2006-ல் இன்டெல் சிப்புக்கு மாறியதும், மேக்கில் விண்டோஸை ஏற்றுகிறவருக்குப் பரிசு என்று ரசிகர்கள் உண்டியல் குலுக்கி 13,000 டாலருக்கு மேல் சேர்த்தார்கள். பரிசு கைமாறிய சில வாரங்களில், ஏப்ரல் 5 அன்று ஆப்பிளே பூட் கேம்ப்பை இலவசமாக வெளியிட்டது. 2020-ல் சொந்த சிப் வந்ததும் அந்தக் கேம்ப் கலைந்தது.

தமிழ்நாட்டில் இரட்டை சிஸ்டத்தை அரசாங்கமே மாணவர்களுக்குக் கொடுத்தது. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் நிறுவனம் தயாரித்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. காசு கொடுத்து வாங்கிய ஸ்டார்ட்டரில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. ஓசியில் வந்த பாஸில் சகலமும் மாற்றலாம். பிள்ளைகள் வால்பேப்பர் மாறாத பக்கமே சாய்ந்தார்கள்.

இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறவர்களுக்குக் கடிகார வியாதியும் உண்டு. லினக்ஸ் உலகப் பொதுநேரத்தைக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தில் எழுதும். விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும். லண்டன்காரருக்குக் குளிர்காலம் முழுக்க இந்தப் பிரச்சினையே தெரியாது. நமக்கோ ஐந்தரை மணி நேரம் உதைக்கும். காலை பத்து மணிக்கு லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி 4.30, பிரம்ம முகூர்த்தம். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வந்தால் பிற்பகல் 3.30, டீ நேரம்.

பின்னர் பயாஸின் இடத்துக்கு யூஇஎஃப்ஐ வந்து 446 பைட்டை ஓய்வுக்கு அனுப்பியது. ஆளாளுக்குத் தனி ஃபோல்டர், சண்டையே இல்லை என்றார்கள். 2012-ல் விண்டோஸ் 8-உடன் செக்யூர் பூட் வந்தது. இப்போது பூசாரி கையெழுத்து பார்க்கிறார். லினக்ஸ்காரர்கள் ஷிம் என்ற சின்ன புரோகிராமை எழுதி, அதில் கையெழுத்து வாங்க மைக்ரோசாஃப்ட் வாசலில் போய் நின்றார்கள். கையெழுத்தும் கிடைத்தது. 2024 ஆகஸ்ட் 13 அன்று, ஓட்டை இருந்த பழைய பூட்லோடர்களைத் தடுக்க விண்டோஸுக்கு ஒரு அப்டேட் வந்தது. இரட்டை சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டரை இது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. தொட்டது. பல லினக்ஸ்கள் ஏதோ படுமோசமாகத் தப்பாகிவிட்டது என்ற செய்தியோடு அணைந்தன. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. அதுவரை பாதுகாப்பு அப்டேட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த வைத்தியம்: முதலில் செக்யூர் பூட்டை அணையுங்கள்.