பேராண்டி வள்ளலும் பில்லுக் கட்டும்

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. கார்லயா வந்தே? டீசலுக்குக் காசு இருந்துதா? கோவிச்சுக்காதே, கேக்கோணும்னு தோணுச்சு, கேட்டுப்போட்டேன். சனிக்கெழமை கூலிக்கு எங்க போய்ப் பொரட்டறதுன்னு தெரீலேன்னு உங்கொம்மாகிட்ட நீ பொலம்புனது இங்க வரைக்கும் கேட்டுச்சு.

எனக்குப் பெருமைதான். நம்ம வம்சத்துல இத்தனை பெரிய வள்ளல் பொறந்ததில்லை. கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில நாலு லேத்தும் ஒரு சிஎன்சியும் போட்டுக்கிட்டு, ஆயிரங்கோடிக்கு ஏவாரம் பண்ற கம்பெனிக்குப் பத்து லட்சம் கடன் குடுத்திருக்கறே. மூணு மாசத்துக்கு வட்டியில்லை, பத்திரமில்லை, சாமீனில்லை. கேட்டா "பில்லு பெண்டிங் அப்புச்சி"ங்கறே. அந்தக் கடனைக் குடுக்கறதுக்கு நீ வெளிய ரெண்டு வட்டிக்கு வாங்கறே பாரு, அங்கதான் பாரியே தோத்தான். அவன் தேரைச் சும்மாத்தான் குடுத்தான். அடமானம் வெச்சுக் குடுக்கலை.

அதும் பத்தாதுன்னு, பில்லுப் போட்ட அடுத்த மாசம் 20ந் தேதி ஜிஎஸ்டி 1,80,000 கட்டிப்போட்டு வர்றே. கம்பெனி இன்னும் உனக்குக் குடுக்கவே இல்லை. அவன் வரியையும் நீயே கட்டறே. உனக்கு ஒரு செலை வெக்கோணும், செலவும் உன்னுதுதான்.

சட்டம் இல்லையான்னு கேப்பே. 2006லயே போட்டாச்சு. சின்னத் தொழில்காரனுக்கு மிஞ்சிப்போனா 45 நாளுக்குள்ள பணம் குடுக்கோணும். தாண்டுனா ரிசர்வ் பேங்கு சொல்ற பேங்க் ரேட்டு மாதிரி மூணு மடங்கு வட்டி, அதும் மாசாமாசம் கூட்டு வட்டி. வக்கீல் எழுதுனது அருமையாத்தான் இருக்குது. ஆனா அந்த வட்டியக் கேட்டுட்டு அடுத்த ஆர்டரும் வாங்குனவனைக் காட்டு, அவனுக்குக் கெடா வெட்டிச் சோறு போடறேன்.

எனக்கெப்புடி இதெல்லாம் தெரியும்னு பாக்கறயா? ஆடிட்டர் பையன் நேத்து தோட்டத்துக்கு எளநி குடிக்க வந்தான். மூணு எளநிக்குக் காசு வாங்கலை. கேள்வி கேட்டே வசூல் பண்ணிட்டேன்.

இப்ப ரகசியத்தைச் சொல்றேன். நானும் பில்லு வித்தவன்தான். அப்ப நம்ம தோட்டத்துல கரும்பு. வெல்லத்தை மண்டியில போட்டா, மண்டிக்காரர் ஒரு துண்டுச் சீட்டுல தொகை எழுதி, "பொங்கல் கழிச்சு வாங்க"ம்பாரு. எனக்கோ பொங்கலுக்கே காசு வேணும். தீவனக் கடைக்காரர்கிட்டச் சீட்டைக் குடுத்தேன். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து எழுவது எண்ணிக் குடுத்தாரு. முப்பது ரூவா போச்சேன்னு உங்கம்மாயி ஒரு வாரம் சோத்துல உப்புப் போடலை. முல்தானிச் சேட்டும் நாட்டுக்கோட்டைச் செட்டியாரும் உண்டியல் சீட்டுல வட்டம் புடிச்சுக் குடுத்தது இதே சங்கதிதான். இதுக்குத்தான் இப்ப ஃபேக்டரிங்னு கோட்டு மாட்டி உட்டிருக்கறாங்க.

கதை அங்க முடியலை. பொங்கலுக்கு மண்டிக்காரர் கடையச் சாத்திட்டு ராவோட ராவாப் போயிட்டாரு. விடிஞ்சா தீவனக் கடைக்காரர் நம்ம வாசல்ல. "சீட்டு வாங்குனது உங்களை நம்பிங்க"ன்னாரு. எண்ணி வெச்சேன், வேறென்ன பண்றது? அதனால எவன்கிட்டப் பில்லை வித்தாலும் மொதக் கேள்வி இதக் கேளு: சரக்கு வாங்குன கம்பெனி குடுக்காட்டி யார் வாசலுக்கு வருவே?

வெளிய இருக்கற ஃபேக்டரிங் கம்பெனிக நூத்துக்கு எழுவது எண்பதுன்னு கையில குடுத்துட்டு, மீதிய வசூலான பொறவு அவங்க கூலியக் கழிச்சுக்கிட்டுத் தருவாங்க. அதுல பல பேரு உன் வாசலுக்கு வர்ற சாதிதான். ட்ரெட்ஸ்னு ஒண்ணு இருக்குது, ரிசர்வ் பேங்கு 2014ல விதி எழுதி, 2017ல தொறந்த சந்தை. ஆர்எக்ஸ்ஐஎல், இன்வாய்ஸ்மார்ட்னு தனித்தனிக் கொட்டாயி. தொழிலைப் பதிஞ்சு உத்யம் நம்பர் வெச்சிருக்கற உன்ன மாதிரி ஆளு பில்லைக் கொண்டுபோய்க் கட்டுவான். கம்பெனிக்காரன் "ஆமா, இத்தனை குடுக்கோணும்"னு ஒத்துக்கோணும். அப்பறம் பேங்குக போட்டி போட்டுக் கேக்கும். அந்தியூர் மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள வெரல் புடிச்சு வெலை பேசுவோமே, இங்க துண்டு இல்லை, அவ்வளவுதான். ஒண்ணு ரெண்டு நாள்ல பணம். கெடு தேதிக்குக் கம்பெனி பேங்குக்குக் குடுத்துக்கும். குடுக்காட்டியும் உன் வாசலுக்கு வரமாட்டாங்க.

இன்னொரு வேடிக்கை. வட்டிய உன் மொகத்தைப் பாத்துப் போடமாட்டான், வாங்குன கம்பெனியப் பாத்துத்தான் போடுவான். மாப்ளைய உட்டுட்டு மாமனார் சொத்தை எண்ணற சம்பந்தம் மாதிரி. பேச்சுக்கு வருசத்துக்கு 9 சதம்னு வெய்யி. பத்து லட்சத்துக்கு 60 நாளைக்கு 14,800 கிட்ட. நீ வாங்கற ரெண்டு வட்டிக்கு ரெண்டு மாசம் 40,000. அஞ்சாங் கிளாஸ் படிச்ச எனக்கே கணக்கு வருது, நீ இஞ்சினீரு.

ஆனா கம்பெனிக்காரன் ஒத்துக்கற பட்டனை அமுத்தோணுமே! 250 கோடிக்கு மேல ஏவாரம் இருந்தா 2025 மார்ச்சுக்குள்ள இதுல சேர்ந்தே ஆகோணும்னு சர்க்கார் சொல்லிருச்சு. சேர்றது வேற, அமுத்தறது வேற. பந்தியில உக்காந்தவனெல்லாம் மொய் வெக்கறானா? அதனால பர்ச்சேஸ் ஆபீசரைத் திட்டாதே. அக்கவுண்ட்ஸ்ல உக்காந்திருக்கற அந்தத் தம்பியப் புடி. நம்ம தோட்டத்து மாங்கா ஒரு கூடை எடுத்துட்டுப் போ. லஞ்சமில்லை கண்ணு, சீசன்.

பேங்குல சிசி லிமிட்னு ஒரு கடன் வெச்சிருக்கறே இல்லை? அதுக்கு இதே பில்லுகளைத்தான ஈடாக் காட்டியிருப்பே? மேனேஜர்கிட்டச் சொல்லி எழுத்துல அனுமதி வாங்காம விக்காதே. ஒரே மாட்டை ரெண்டு சந்தையில வித்தவனைக் கட்டிவெச்ச புளியமரம் இன்னும் ஊர் எல்லையில நிக்குது.

அப்பறம் உனக்கு லாபமாக் கெடைக்கறதே நூத்துக்கு நாலுன்னா, அதுல ஒண்ணரை இந்த வட்டிக்கே போயிரும். கொட்டேஷன் போடறப்பவே அதை ஏத்திப் போடு. கை கூசுச்சுன்னா அந்த ஆர்டரை எதிர்க்கடைக்காரனுக்கு உட்டுரு, அவனும் வள்ளலாகட்டும்.

எந்திரிச்சுட்டயா? சித்தே இரு. மொதப் பில்லு வித்துக் காசு வந்த அன்னைக்கு வேறெங்கயும் போகாதே, நேரா அடகுக் கடைக்குப் போய் அந்தச் சங்கிலிய மூட்டிக்கிட்டு வா. போன தீவாளிப் போனசுக்கு நான் ஏது புடிச்சுக் குடுத்தேன்னு நீ கேக்கவே இல்லையே. உங்கம்மாயி கழுத்துல இப்பக் கெடக்கறது கவரிங். அவளுக்கு இன்னும் தெரியாது, சத்தமாப் பேசாதே.